மனுவேலுக்கு வராத காய்ச்சல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி. பலாபத்வலயில் அன்று அடித்த வெயிலுக்கு மெயின் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

பல்லோடு பல் அடிக்கும் சத்தம் குசினியில் அடுப்படி வரைக்கும் கேட்டது. கட்டிலே ஆடியது என்றால் நம்புவீர்களா?

அதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது தடவை... எப்படியும் எழுதிவிடுகிறேன்.

பழைய வாசகர்களுக்கு என் பாமசியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக – மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ரோட்டோரம் ஒரு சின்ன மருந்துக்கடை. இருபத்திரண்டு வருடமாக நான்தான் நடத்துகிறேன். வீட்டுக்காரர் பெயர் செல்வம். பெக்கோ ஓட்டுகிறவர். மண் தோண்டுகிற அந்தப் பெரிய இயந்திரத்தைத்தான் சொல்கிறேன். மொசாம்பிக்கில் ரோடு போடும் கம்பனி ஒன்றில் பதினான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். நடுக்கம் வந்த அன்று, அவர் ஊர் திரும்பிச் சரியாகப் பத்து நாள்.

ஆபிரிக்காவிலிருந்து வந்து பத்து நாள். நடுக்கம். காய்ச்சல்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மருந்துக்கடைக்காரிக்கு ஐந்து நாள் பிடித்தது!

செவ்வாய்க்கிழமை நான் செய்தது இவ்வளவுதான். கடையிலிருந்து காய்ச்சலுக்குப் பெனடோல் மாத்திரை கொண்டுவந்தேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டியது. தலையணையைப் பிழியலாம் போல இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டார்.

புதன்கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி தம்புள்ளைக்குப் பஸ் ஏறினார். கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு, அங்கே மரக்கறிச் சந்தையில் இரண்டு பெரிய பூசணிக்காயை வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ச்சல்காரர் தூக்குகிற சுமையா அது? நான் நிம்மதியாகப் பூசணியை வெட்டினேன்.

வியாழக்கிழமை. அதே பகல் நேரம். அதே கம்பளி. அதே நடுக்கம்.

இப்போது பயம் வந்தது. வந்த பயமும் தப்பான பயம் – டெங்கு! நம் ஊரில் காய்ச்சல் என்றாலே இப்போது வேறு பெயர் வாயில் வருவதில்லையே. வேர்த்து முடிந்ததும் இரத்தம் எடுக்க அனுப்பினேன். ரிப்போட்டில் பிளேட்லட் இறங்கியிருந்தது. டெங்குவுக்கென்று தனியாகச் செய்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை. டிஸ்பென்சரி டொக்டர் எங்களுக்குப் பழக்கமானவர். சில வேளை அப்படித்தான் காட்டும், இரண்டு நாளில் திரும்ப எடுத்துப் பாருங்கள் என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் தலையாட்டிவிட்டேன்.

மலேரியாவிலும் பிளேட்லட் இறங்கும். அதை நான் படித்திருக்கிறேன். பரீட்சைகூட எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் திரும்பவும் தெளிவாகத்தான் இருந்தார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கடையைத் திறப்பேன், அரை மணித்தியாலத்தில் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், திரும்ப ஓடுவேன். இருமல் மருந்து கேட்டவருக்குக் கண்ணில் விடும் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், வாசித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

அன்றைக்கு என் மகள் தர்ஷி ஒரு கேள்வி கேட்டாள். ஏ.லெவலில் கணக்குப் படிக்கிறவள். எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி.

"ஏம்மா, டெங்குன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் கரெக்டா மத்தியானத்துலயா வரும்?"

எல்லாக் காய்ச்சலும் ஏறி இறங்கத்தான் செய்யும், போய்ப் படி என்று விரட்டினேன்.

சனிக்கிழமை காலையில் அவருடைய கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. கம்பளியை இழுத்துவிடக் குனிந்தேன். என் முகத்தைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "மனுவேல் எங்க? கீழ ஆளுங்க நிக்கிறாங்க, அவன் ஏன் கையக் காட்டல?"

மனுவேல் யார் என்று எனக்குத் தெரியும். மொசாம்பிக்கில் அவருடைய பெக்கோவுக்கு முன்னால் நின்று கைகாட்டுகிறவன், அந்த ஊர்க்காரன். போன புதிதில் இவர் போனில் கூப்பிட்டு, இவனுங்க நம்ம பாஷை பேசுறானுங்க என்று குதித்தது ஞாபகம் இருக்கிறது. ஜன்னலுக்கு ஜனேலா, மேசைக்கு மேசா, காலில் போடும் சப்பாத்துக்குச் சப்பாத்து. போர்த்துக்கீசர் நமக்கும் அவர்களுக்கும் விட்டுப்போன சொற்கள். அந்தப் பத்துச் சொல்லையும் அரைகுறை இங்கிலீசையும் வைத்துக்கொண்டே இருவரும் சிநேகமாகிவிட்டார்கள்.

ஆனால் பலாபத்வலயில், எங்கள் படுக்கையறையில், மனுவேலுக்கு என்ன வேலை?

த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே டெங்கு என்று சொன்னது நான். டிஸ்பென்சரி ரிப்போட்டை நீட்டியதும் நான். வார்டில் போட்டு இரத்தம் எடுக்க ஆரம்பித்தார்கள். நர்ஸ் ஒருவர் கட்டச் சாரமும் துடைக்கத் துவாயும் கொண்டுவரச் சொன்னார். தர்ஷியை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு, அதே த்ரீவீலரில் வீட்டுக்கு வந்தேன்.

அவருடைய பயணப் பெட்டி கட்டிலுக்கடியில் பாதி பிரித்தபடி கிடந்தது. புதுத் துவாய் ஒன்று கொண்டுவந்ததாகச் சொன்னாரே என்று பக்கத்து ஜிப்பைத் திறந்தேன். கையில் வந்தது ஒரு கவர். கவருக்குள் மாத்திரை அட்டைகள்.

மருந்துக்கடைக்காரி அட்டையைத் திருப்பாமல் இருப்பாளா? திருப்பிப் பெயரை வாசித்தேன். மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு நம் அரசாங்கத்தில் இலவசமாகக் கொடுக்கும் தடுப்பு மாத்திரை. கிழமைக்கு ஒன்று, அதாவது ஏழு நாளைக்கு ஒன்று. புறப்படும் முன்பு தொடங்கி, வந்த பிறகும் சில கிழமை போட வேண்டியது.

ஒன்றே ஒன்று உடைத்திருந்தது. மிச்சமெல்லாம் அப்படியே.

நடுக்கம், வேர்வை, ஒருநாள் விட்டு ஒருநாள், பிளேட்லட், மஞ்சள் கண்... ஐந்து நாளும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. போனை எடுத்தேன். விரல் வழுக்கி இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

"தர்ஷி, நான் சொல்றதக் கேளு. டொக்டர்கிட்டப் போயி, அப்பா ஆபிரிக்காவுல இருந்து வந்தவருன்னு சொல்லு. மலேரியா பாக்கச் சொல்லு. இப்பவே போ."

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓடுகிற செருப்புச் சத்தம் போனில் கேட்டது.

திரும்பிப் போகும் வழியில் என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். பூட்டியிருந்த கதவைப் பார்த்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சலா, மலேரியாவுக்கு இரத்தம் சோதியுங்கள் – மூன்று மொழியில் அச்சடித்த அறிவித்தல் ஒன்றைச் சுகாதாரப் பரிசோதகர் கொண்டுவந்து தந்திருந்தார். என் கையால்தான் சுவரில் ஒட்டினேன். ஜனவரியில் அதன் மேலேயே புதுக் கலண்டரை மாட்டியதும் என் கைதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரத்தத் துளி கண்ணாடித் தகட்டில் ஏறிவிட்டிருந்தது. இளவயது டொக்டர் ஒருவர் சிங்களத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார் – எந்தத் தேதி நாடு திரும்பினார்? சொன்னேன். அவர் உடனே திரும்பி வேகமாக நடந்தார். டொக்டர்கள் வேகமாக நடந்தால் எனக்குப் பயம்.

மலேரியாதான். அதிலும் மூளைக்குப் போகக்கூடிய வகை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். போன்கள் போயின. நம் நாட்டில் இப்போது மலேரியா இல்லை. அதனால் அந்த ஊசிமருந்தை எல்லா இடத்திலும் வைத்திருப்பதில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு ஜீப் வந்தது. குளிர்ப்பெட்டி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் படியேறி ஓடினார். நான் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஜீப்பில் மலேரியா அலுவலக டொக்டர் அம்மாவும் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். முதல் ஊசி ஏறிய பிறகு என்னை வராந்தா வாங்குப் பலகையில் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று நாள் நாளாகக் கேட்டார். நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கினார். எனக்கு அதுதான் தேவைப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ! அவர் சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

கொசு கடித்ததும் கிருமி நேரே ஈரலுக்குப் போகிறது. அங்கே ஒரு கிழமை, பத்து நாள் சத்தமில்லாமல் பெருகுகிறது. அந்த நாட்களில் ஆளுக்கு ஒரு தும்மல்கூட வராது. பெட்டி கட்டலாம், பிளேன் ஏறலாம், ஊருக்கு வந்து சொந்தக்காரர் வீடுகளில் கோழிக்கறி சாப்பிடலாம். பிறகு இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது.

ஏன் சிவப்பணு? உடம்பின் மற்ற அணுக்களுக்குள் வேற்றாள் நுழைந்தால், அந்த அணு தன் வெளிச்சுவரில் ஓர் அடையாளத்தைத் தொங்கவிடும். காவல் அணுக்கள் அதைக் கண்டு, வந்து அழித்துவிடும். சிவப்பணுவுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே திருடன் இருக்கிறான் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

உள்ளேயே பெருகி, இரண்டு நாளுக்கு ஒருமுறை அணுக்களை வெடித்துக்கொண்டு கூட்டமாக வெளியே வருகின்றன. அந்தக் குப்பையெல்லாம் இரத்தத்தில் கொட்டும்போதுதான் உடம்பு அபாய மணியை அடிக்கிறது. நடுக்கமும் காய்ச்சலும் அந்த மணிச் சத்தம்தான். நெருப்பை மூட்டுவது நம் உடம்பே. சில வேளை அளவுக்கு மீறி மூட்டி, தன் வீட்டையும் சேர்த்துக் கொளுத்திக்கொள்ளும்.

மண்ணீரல் ஒரு சல்லடை மாதிரி. பழுதான சிவப்பணுக்களைப் பிடித்துவிடும். அதற்கும் இந்தக் கிருமி வழி வைத்திருக்கிறது. தான் இருக்கும் அணுவின் வெளிப்புறத்தில் பசை மாதிரி ஒரு புரதத்தை முளைக்க விடுகிறது. அணு இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரல் பக்கமே போவதில்லை. அது மூளையின் குழாய்களில் ஒட்டினால்...

மனுவேல் எங்கே என்று கேட்பார்.

ஞாயிறு போனது. திங்கள் பின்னேரம் அவர் கண்ணைத் திறந்து, தர்ஷி சாப்பிட்டாளா என்று கேட்டார். அதுவரை வராத கோபம் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு வந்தது. மாத்திரைக் கவரை எடுத்து மெத்தையில் போட்டேன். ஏன் போடவில்லை?

கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு போட்டேன். ரெண்டு நாளு தலை சுத்திச்சு. மேட்டுல பெக்கோவ வச்சிருக்கேன், கீழ ஆறு பேரு நிக்கிறாங்க. எனக்குத் தலை சுத்துனா அவனுங்க கதி என்னா?"

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. சோம்பல், மறதி, அலட்சியம் – எல்லாவற்றுக்கும் திட்டு தயாராக வைத்திருந்தேன். இதற்கு இல்லை. தலை சுற்றினால் வேறு மாத்திரை இருக்கிறது, கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னேன்.

அவர் கேட்காததற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று பல்லேகம என்கிற ஊர். அவருடைய அப்பா அங்கே ரோட்டு வேலை செய்த காலத்தில், இவர் பிள்ளையாக இருந்தபோது நாலைந்து தடவை மலேரியா வந்து பிழைத்தவர். அம்மை மாதிரி, வந்தால் திரும்ப வராது என்று அவர் கணக்கு. இரண்டாவது மனுவேல். அவன் ஒரு மாத்திரையும் போடுவதில்லை. கம்பனிக்காரர்கள் ஒருநாள் எல்லோருக்கும் இரத்தம் சோதித்தபோது அவனுக்கு மலேரியா இருந்தது. ஆனால் காய்ச்சல் இல்லை, அன்றைக்கும் வெயிலில் நின்று கைகாட்டினான். அதைப் பார்த்ததும், நானும் சின்ன வயதில் அடிபட்டவன்தானே, எனக்கும் அந்தச் சக்தி இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை டொக்டர் அம்மா வந்தபோது என் வீட்டுக்காரர் இதை அவரிடமே கேட்டார். அந்தச் சக்தி எனக்கு எங்கே போனது, டொக்டர்?

பல்லேகமவில் அன்று வந்தது அநேகமாக வேறு இன மலேரியா, அந்தப் பழக்கம் இதற்குப் பெரிதாக உதவாது என்றார் அவர். பிறகு எதிர்பொருளைப் பற்றிச் சொன்னார். சுவரில் ஒட்டும் அந்தப் புரதத்தைப் பிடிக்க உடம்பு எதிர்பொருள் செய்கிறது. செய்து முடிப்பதற்குள் கிருமி புரதத்தை மாற்றிவிடுகிறது. எனக்குத் தம்புள்ளை லொறிகள்தான் மனதில் ஓடின. ஒரு லொறியை மறிக்கச் சொல்லி நம்பரை எல்லாப் பொலிசுக்கும் அறிவிக்கிறார்கள்; அடுத்த வளைவில் லொறிக்காரன் நம்பர் தகட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிட்டால்?

மனுவேலின் உடம்பு பிறந்ததிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடிபட்டு, அந்த நம்பர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. கிருமி இரத்தத்தில் இருக்கும், ஆனால் ஆளைச் சாய்க்க முடியாது. அதுவும் கடி தொடரும் வரைக்கும்தான். அவனே நாலைந்து வருடம் வேறு நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனால், அவனுக்கும் காய்ச்சல் வரலாம். உடம்பு அடிக்கடி பார்க்காத எதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறதாம்.

"அவனுக்கு ஆறு புள்ளைங்க டொக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு போயிருச்சு. ரெண்டுமே இந்தக் காய்ச்சல்லதான்."

டொக்டர் அம்மா தலையாட்டினார். பிழைத்து வளர்கிறவர்களுக்குத்தான் அந்தச் சக்தி கிடைக்கிறது என்றார்.

பதினான்கு மாதமாக அந்த மனிதனின் தைரியத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார் என் வீட்டுக்காரர். அவன் அதை வாங்கியது எப்படி என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை வீட்டுக்கு வந்தோம். எங்களுக்கு முன்பே மலேரியா அலுவலக ஆட்கள் எங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். எனக்கும் தர்ஷிக்கும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். கிணற்றுக்குள் டோர்ச் அடித்தார்கள். மண் எடுத்த குழிகளில் கரண்டி விட்டுக் கொசுப்புழு தேடினார்கள். ஆளிலிருந்து ஆளுக்கு இது நேரே தொற்றாது. ஆனால் அந்தக் கொசு இன்னும் இங்கேதான் இருக்கிறது. அவரைக் கடித்து இன்னொருவரைக் கடித்தால் கதை திரும்ப ஆரம்பிக்கும். எல்லோருடைய இரத்தமும் சுத்தம் என்று வரும் வரைக்கும் நான் பட்ட பாடு! பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதால்கூட எழுந்து வேலியோரம் போய் நின்றேன்.

சில வாடிக்கையாளர்கள் இரண்டு கிழமை என் கடைப் பக்கம் வரவில்லை. கோபமில்லை. நம் டொக்டர்களும் மருந்துக்கடைக்காரிகளும் மலேரியாவை மறக்கிற அளவுக்கு இந்த நாடு அதை விரட்டியிருக்கிறது. விரட்டியது பெரிய காரியம்தான். மறந்தது? அதற்கு என்னைவிட நல்ல சாட்சி வேறு யார்?

இப்போது காய்ச்சல் மருந்து கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

அவருக்கு இன்னும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை பாக்கி. கம்பனியிலிருந்து எப்போது வருகிறாய் என்று கேட்டுவிட்டார்கள். போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கிறேன். போகாமல் முடியாது என்றும் எனக்கே தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனுவேலிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது. காய்ச்சல் விஷயத்தை இவர் எழுதி அனுப்பியிருந்தார் – இரண்டு மணித்தியாலத்தில் ஜீப்பில் மருந்து வந்தது, பெரிய டொக்டரே கூட வந்தார், பிறகு ஊர் முழுக்க இரத்தம் சோதித்தார்கள் என்று. அதற்கு அவன் அரைகுறை இங்கிலீசில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி ஒரு கேள்வி கேட்டிருந்தான். கேலியில்லாமல் நிஜமாகவே கேட்ட குரல் அது.

செல்வம், உன் நாட்டில் நீ என்ன, மந்திரியா?